கொட்டகலையிலிருந்து அளந்து பாருங்கள்

கொழுந்துக்கு ஊரடங்கு கிடையாது. 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு அடைக்கப்பட்ட பிறகும் மலையகத் தோட்டங்களில் பறிப்பு தொடர்ந்தது. ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் இலை முற்றிப்போகும். பறித்த இலை அன்றைக்கே ஃபெக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். தரம் பிரித்து மூட்டை கட்டிய தேயிலை கொழும்பில் ஏலம் போனால்தான் தோட்டக் கணக்கு நகரும். அந்த ஏலம்தான் அப்போது நின்றுபோயிருந்தது. 1883 யூலை 30இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலத்தில், வாங்குவோர் ஒரே மண்டபத்தில் கூடி உட்கார்ந்து குரல் கொடுத்து விலை கேட்பதே வழக்கம். கூடுவதற்கே தடை இருந்த நேரத்தில், 2020 ஏப்ரல் 4ஆம் திகதி அந்த ஏலம் கணினித் திரைக்கு மாறியது. 137 ஆண்டுகளில் அதுதான் முதல் தடவை. சிக்ரா என்ற உள்நாட்டு நிறுவனம் உருவாக்கிய மென்பொருளில், அவரவர் இருந்த இடத்திலிருந்தே விலை கேட்டார்கள். ஊரடங்கு போன பிறகும் ஏலம் பழைய மண்டபத்துக்குத் திரும்பவில்லை.

டிரேட்டனிலோ ஸ்டோனிகிளிப்பிலோ பறித்த கொழுந்தின் விலை அதுவரை மண்ணையும் மழையையும் ஃபெக்டரியின் பக்குவத்தையும் நம்பி இருந்தது. இப்போது ஒரு மென்பொருளின் வேகத்தையும் நம்பி இருக்கிறது. ஒரு தொகுதித் தேயிலைக்கான கேள்வி சில செக்கன்களில் முடிந்துவிடும். அந்தச் செக்கன்களில் ஒருவருடைய திரை உறைந்து நின்றால் அவர் போட்டியில் இல்லை. போட்டிக்கு ஆள் குறைந்தால் விலை இறங்கும். மென்பொருள் எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்பது கணினித் துறைக்காரர்களின் உள்வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் ஒரு மென்பொருள் மெதுவாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி எளிதாகத் தெரிகிறது. கடந்த இருபது ஆண்டுகளில் இந்தத் துறை தன் மூளையின் பெரும்பகுதியை இதற்கே செலவழித்திருக்கிறது. அதில் கற்ற பாடங்களில் நமக்கு மிக வேண்டியது, எதை வைத்து அளக்கிறோம் என்பதோடு எங்கே நின்று அளக்கிறோம் என்பதும் விடையை மாற்றிவிடும் என்பதுதான். கொழும்பில் நின்று அளந்தால் கொட்டகலை தெரியாது.

அளக்கத் தெரியாத நாடு இது என்று யாரும் சொல்ல முடியாது. மாலபேயில் இயங்கிய மில்லேனியம் ஐ.டி. நிறுவனம் 1996இல் தொடங்கப்பட்டது. லண்டன் பங்குச் சந்தை 2008 செப்டெம்பர் 8ஆம் திகதி ஏறத்தாழ ஏழு மணி நேரம் முடங்கிக் கிடந்தது. அப்போது அங்கே இருந்த மென்பொருள் போதிய வேகமில்லாதது என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. அடுத்த ஆண்டு லண்டன் சந்தை அந்த மாலபே நிறுவனத்தையே விலைக்கு வாங்கியது. 2010இல் லண்டனின் துணைச் சந்தையான டர்கோய்ஸில் இலங்கை மென்பொருள் இயங்கத் தொடங்கியபோது, ஒரு கட்டளைக்குப் பதில் சொல்லும் சராசரி நேரம் 126 மைக்ரோசெக்கன் என்று அறிவித்தார்கள். ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோசெக்கன். 2011 பெப்ரவரி 14ஆம் திகதி முதன்மைச் சந்தையும் அந்த மென்பொருளுக்கு மாறியது. லண்டன் வணிகர்களுக்காக மைக்ரோசெக்கனை எண்ணி எழுதியவர்கள் நம் நாட்டுப் பொறியியலாளர்கள். திறமை இங்கேயே இருக்கிறது.

அந்த அறிவிப்பில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும்: சராசரி. ஒரு டிவிஷனில் இருபது பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள். பத்தொன்பது பேர் ஆளுக்கு 20 கிலோ கொண்டுவருகிறார்கள். செங்குத்தான நிரையில் நின்ற ஒரு பெண்ணுக்கு மட்டும் 4 கிலோதான் சேர்ந்தது. சராசரி 19.2 கிலோ. அந்த எண்ணை மட்டும் பார்க்கிற துரைக்கு அன்று குறை எதுவும் தெரியாது. அந்தப் பெண்ணின் கூடையில் என்ன நடந்தது என்பது கணக்கிலேயே ஏறவில்லை.

மென்பொருளில் இது இன்னும் மோசமாக நடக்கும். நூறு பேர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார்கள். 95 பேருக்கு 0.4 செக்கனில் வந்துவிடுகிறது. ஐந்து பேருக்கு 12 செக்கன் ஆகிறது. சராசரி 0.98 செக்கன். ஒரு செக்கனுக்குள் பதில் என்று அறிக்கையில் பெருமையாக எழுதலாம். உண்மையில் அந்த 0.98 செக்கன் அனுபவம் நூறு பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

இதனால்தான் துறையில் தேர்ந்தவர்கள் சராசரியைக் கைவிட்டு, வரிசைப்படுத்தி எண்ணும் முறைக்கு வந்தார்கள். சாதாரண தரக் கணிதத்தில் திரள் மீடிறன் வளையி வரைந்து காலணை கண்டவர்களுக்கு இது பழகிய விஷயம். எல்லா நேரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது இடையம். 95ஆவது சதமணை என்பது, நூற்றுக்கு 95 பேர் அதற்குள் பதில் பெற்றுவிட்டார்கள், மிச்சம் ஐந்து பேர் அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று சொல்லும் எண். மேலே சொன்ன நூறு பேரில் இடையம் 0.4 செக்கன், 99ஆவது சதமணை 12 செக்கன். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உண்மை வெளிவந்துவிடும்.

அந்தப் பின்வரிசையில் நிற்பவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். தற்செயலாக அகப்பட்டவர்கள் சிலர் இருப்பார்கள். ஆனால் வலையமைப்பு பலவீனமான ஊர்களில் வாழ்கிறவர்கள் தினமும் அதே வரிசையில்தான் நிற்பார்கள். கூகுள் 2020இல் அறிமுகப்படுத்திய இணையப்பக்க அளவுகோல்கள் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 செக்கனுக்குள் தெரிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அந்த வரம்பு 75ஆவது சதமணையில் சரிபார்க்கப்படுகிறது. நூற்றுக்கு 75 பேருக்கு விரைவாகத் திறந்தால் அந்தத் தளத்துக்கு நல்ல பெயர் கிடைத்துவிடும். மீதிக் கால்வாசிப் பேருக்கு என்ன ஆனாலும் அந்தப் பெயர் மாறாது. வணிகத் தளத்துக்கு இது போதும் என்று வாதாடலாம். பரீட்சைப் பெறுபேறு, நலன்புரி விண்ணப்பம், பிறப்புச் சான்றிதழ் போன்ற பொதுச் சேவைகளுக்கு இந்த அளவுகோல் போதவே போதாது என்பது என் உறுதியான கருத்து. அவற்றை நாடுகிறவர்களில் அந்தக் கால்வாசிப் பேரும் அடக்கம். பல நேரம் அவர்களுக்குத்தான் அவை அதிகம் தேவை.

பெறுபேறு வெளியாகும் மாலையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். லயத்துக்குள் சிக்னல் இல்லை. மலை மறைக்கிறது. கைத்தொலைபேசி அலைகளில் அதிர்வெண் கூடியவை மலையைச் சுற்றி வளைந்து போவதில் பலவீனமானவை. அதனால் பிள்ளைகள் ரோட்டு மேட்டுக்கு வந்து நிற்கிறார்கள். ஒருத்தி சுட்டெண்ணை அடித்து அழுத்துகிறாள். திரையில் வட்டம் சுற்றுகிறது. அந்தச் சுற்றலுக்குள் என்ன நடக்கிறது?

முதலில் அந்தத் தளத்தின் முகவரி எந்த எண்ணில் இருக்கிறது என்று போன் விசாரிக்க வேண்டும். அது ஒரு போய்வரல். பிறகு சர்வரோடு இணைப்பை ஏற்படுத்த இன்னொரு போய்வரல். பேசுவதை யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுப் போடப் பழைய முறையில் இரண்டு, 2018இல் வந்த புதிய முறையில் ஒன்று. அதற்குப் பிறகுதான் ‘இந்தச் சுட்டெண்ணின் பெறுபேறு தா’ என்ற உண்மையான கேள்வி புறப்படுகிறது. ஆக, ஒரு எழுத்து வந்து சேர்வதற்கு முன்னால் நான்கைந்து தடவை போய்வர வேண்டும். கண்ணாடி நாரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருந்து, கேபிள் தூரம் 3,000 கிலோமீற்றர் என்று வைத்தால் போய்வர 30 மில்லிசெக்கன். ஐந்து தடவைக்கு 150 மில்லிசெக்கன். ஒரு போய்வரலுக்கான அந்த 30 மில்லிசெக்கனை எந்தப் பொறியியலாளராலும் குறைக்க முடியாது. இயற்பியல் விடாது.

அந்த 150 மில்லிசெக்கனை யாரும் உணரப் போவதில்லை. சிக்கல் கடலில் இல்லை, மேட்டுக்கும் கோபுரத்துக்கும் இடையில்தான் இருக்கிறது. சிக்னல் ஒற்றைக் கோட்டில் தள்ளாடும்போது ஒவ்வொரு போய்வரலும் 300, 400 மில்லிசெக்கனுக்கு நீளும். அதே கோபுரத்தை அந்த நேரத்தில் ஊரே பயன்படுத்துகிறது. மலைநாட்டில் பல கோபுரங்கள் ஒன்றோடொன்று மைக்ரோவேவ் அலையில் பேசுகின்றன. உயர் அதிர்வெண்ணில் போகும் அந்த அலையைக் கடும் மழை உறிஞ்சிக்கொள்ளும். தென்மேல் பருவ மழை கொட்டும் ஹற்றன், கொட்டகலைப் பக்கத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் தரவுப் பொதி ஒன்று தொலைந்தால் இணைய நெறிமுறை அதை நெரிசல் என்று எண்ணி வேகத்தை மட்டுப்படுத்திக்கொள்கிறது. உண்மையில் நெரிசல் இல்லை, சிக்னல்தான் விட்டுப்போனது. ஆனாலும் தண்டனை விழுகிறது.

இவ்வளவையும் தாண்டி வந்தால், பக்கத்தை எழுதியவர் அதில் என்ன வைத்தார் என்பது அடுத்தது. ஒன்பது பாடங்களின் பெறுபேற்றுக்கு ஒரு கிலோபைட்டே தாராளம். அதைச் சுற்றிப் படங்களும் எழுத்துருக்களும் நிரல்களுமாக இரண்டு மெகாபைட் சுமத்தியிருந்தால், செக்கனுக்கு ஒரு மெகாபிட் கிடைக்கிற இடத்தில் இறங்கப் பதினாறு செக்கன் வேண்டும். கொழும்பு அலுவலகத்தில் அதே பக்கம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். எழுதியவர் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறார், அங்கேயேதான் சோதித்தும் பார்க்கிறார்.

இனி சர்வர் பக்கம் வருவோம். மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்த தளம் ஒரே மாலையில் ஏன் விழுகிறது? 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதவியலாளர் இந்த வகைக் கணக்குகளுக்கு அடித்தளம் போட்டார். ஒரு சர்வர் ஒரு வேலையை 100 மில்லிசெக்கனில் முடிக்கிறது என்று கொள்வோம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள். சர்வர் பாதி நேரம் வேலையாக இருந்தால் ஒருவர் பதில் பெறச் சராசரியாக 200 மில்லிசெக்கன் ஆகும். 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் 500. 90 சதவீதத்தில் ஒரு முழுச் செக்கன். 95 சதவீதத்தில் இரண்டு. 99 சதவீதத்தில் பத்துச் செக்கன். எண்பதிலிருந்து தொண்ணூற்றொன்பதுக்குப் போகக் கூட்டம் கால்வாசிதான் கூடியது. காத்திருப்போ இருபது மடங்காகிவிட்டது. அதற்கும் மேலே கூட்டம் வந்தால் வரிசை முடியவே முடியாது. பொறுமை இழந்தவர்கள் மறுபடி மறுபடி அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தலும் வரிசையில் இன்னொரு ஆள்.

இதை முன்கூட்டியே அறியத்தான் சுமைச் சோதனை. பல்லாயிரம் பயனர்கள் ஒரே நேரத்தில் வருவதுபோல ஒரு நிரல் நடிக்கும். அப்பாச்சியின் ஜேமீட்டர் 1998இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. அண்மைக் காலத்தில் கே6, லோகஸ்ட் முதலிய கருவிகள் வந்திருக்கின்றன. எல்லாம் இலவசமாகக் கிடைப்பவை. ஹற்றனில் ஒரு சாதாரண மடிக்கணினியில் ஓட்டிப் பழகலாம். ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. இதில் ஒரு பொறி இருக்கிறது. அதை உலகுக்கு விளங்கவைத்தவர் அசூல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கில் டீனே. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு நுட்பத்தை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சோதனை நிரல் ஒரு கேள்வி அனுப்புகிறது. பதில் வந்த பிறகு அடுத்த கேள்வியை அனுப்புகிறது. சர்வர் ஒவ்வொன்றுக்கும் 10 மில்லிசெக்கனில் பதில் சொல்கிறது. மொத்தம் 100 செக்கன் சோதனை. இடையில் ஏதோ காரணத்தால் சர்வர் பத்துச் செக்கன் உறைந்துவிடுகிறது. நிரல் என்ன செய்யும்? பதிலுக்காகச் சும்மா காத்திருக்கும். கடைசியில் கணக்கைப் பார்த்தால், 90 செக்கனில் 9,000 கேள்விகள், எல்லாம் 10 மில்லிசெக்கனில் முடிந்தவை. கூடவே பத்துச் செக்கன் எடுத்த ஒரே ஒரு கேள்வி. 99.9ஆவது சதமணையே 10 மில்லிசெக்கன் என்று அறிக்கை சொல்லும். அருமையான சர்வர்!

நிஜ மனிதர்கள் அப்படி வருவதில்லை. முன்னே நிற்பவருக்குப் பதில் வரட்டும் என்று லிந்துலையில் இருக்கிற பிள்ளை காத்திருக்க மாட்டாள். சர்வர் உறைந்த பத்துச் செக்கனிலும் 10 மில்லிசெக்கனுக்கு ஒருவராக ஆயிரம் பேர் வந்து நின்றிருப்பார்கள். முதலில் வந்தவர் பத்துச் செக்கனும், கடைசியில் வந்தவர் ஒரு கணமும் காத்திருப்பார்கள். அந்த 10,000 பேரில் பத்தில் ஒருவர் உறைவில் மாட்டிக்கொண்டவர். 95ஆவது சதமணை ஏறத்தாழ ஐந்து செக்கன். ஒரே சர்வர், ஒரே கோளாறு. ஓர் அளவில் 10 மில்லிசெக்கன், இன்னோர் அளவில் ஐந்து செக்கன். நிரல் கேட்காமல் விட்ட கேள்விகள் கணக்கிலிருந்து மறைந்துபோனதே காரணம். சோதனை அறிக்கை ஒன்றைக் கையில் தந்தால் நான் முதலில் கேட்க விரும்புவது இதைத்தான்: பதில் வந்தாலும் வராவிட்டாலும் கேள்விகளைக் குறித்த வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருந்தீர்களா?

பின்வரிசையை அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய மென்பொருளில் ஒரு பக்கத்தைத் தயாரிக்கப் பத்து, இருபது, சில நேரம் நூறு சிறு சர்வர்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒவ்வொன்றும் நூற்றில் ஒரு தடவைதான் தாமதிக்கும் என்றாலும், நூறும் சேர்ந்து பதில் தர வேண்டிய பக்கம் நூற்றுக்கு 63 தடவை தாமதமாகும். கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013இல் இதை எழுதிக் காட்டினார்கள். நூற்றில் ஒன்று என்ற அரிய கோளாறு, பாகங்கள் பெருகும்போது பெரும்பாலானவர்களின் அன்றாடமாகிவிடுகிறது.

இப்படிப் பல துண்டுகளாக உடைந்த மென்பொருளில் எந்தத் துண்டு தாமதித்தது என்று கண்டுபிடிக்கவே புதிய கண்காணிப்பு முறைகள் எழுந்தன. சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் பிறந்த பிரோமிதியஸ், சில செக்கன்களுக்கு ஒருமுறை எல்லாச் சர்வர்களிடமும் எண்களைக் கேட்டு வாங்கிச் சேமிக்கிறது. 2010இல் கூகுள் வெளியிட்ட டாப்பர் ஆய்வுக்குப் பிறகு, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு அடையாள எண் கட்டி, அது போகிற இடமெல்லாம் எவ்வளவு நேரம் தங்கியது என்று தடம் பிடிக்கும் முறை பரவியது. 2019இலிருந்து ஓப்பன் டெலிமெட்ரி என்ற பொதுத் தரம் இவற்றை ஒன்றாகக் கோத்திருக்கிறது. இதனால் ஒரே நிறுவனத்தின் கருவிக்குள் சிறைப்பட வேண்டிய நிலை குறைந்திருக்கிறது. ஏழை நாடுகளுக்கு இது பெரிய வரம். துறையில் நுழைய நினைக்கும் மலையக இளைஞர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டியதும் இந்தத் திறந்த கருவிகளைத்தான்.

ஆனாலும் இவை எல்லாம் பெரும்பாலும் சர்வர் இருக்கும் அறைக்குள் நடப்பதையே பார்க்கின்றன. ரோட்டு மேட்டில் நின்ற பிள்ளையின் கேள்வி கோபுரத்தைத் தாண்டி வராவிட்டால் சர்வருக்கு அப்படியொருத்தி இருந்ததே தெரியாது. பலகையில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும். இந்தக் குறையைப் போக்கப் பயனரின் போனிலேயே நேரத்தைக் குறித்து அனுப்பும் முறை இப்போது வலுப்பெறுகிறது. அதிலும் ஓட்டை இருக்கிறது: பக்கம் முழுதாகத் திறக்காமல் கைவிட்டவரின் போன் எதையும் அனுப்பாது. மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்தான் மறுபடியும் கணக்கில் விடுபடுகிறார்.

எல்லாவற்றையும் கிளவுட்டுக்குக் கொண்டுபோனால் தீர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. அமேசானின் பெருந்தரவு மையங்கள் சிங்கப்பூரில் 2010இலிருந்தும் மும்பாயில் 2016இலிருந்தும் இருக்கின்றன. மைக்ரோசொஃப்ட் 2015இல் சென்னையிலும் தொடங்கியது. தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில் பாரத்-லங்கா கேபிள் 2006இலேயே போடப்பட்டது. ஆனால் பொதிகள் எந்த வழியில் போக வேண்டும் என்பதை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் தீர்மானிக்கின்றன. பக்கத்தில் இருக்கிற சென்னைக்குச் சிங்கப்பூரைச் சுற்றியும் போகலாம். கூட்டம் கூடினால் கிளவுட் தானாகவே சர்வர்களைக் கூட்டிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். அதற்குச் சில நிமிடங்கள் வேண்டும். பெறுபேற்றுக் கூட்டமோ முதல் நிமிடத்திலேயே வந்துவிடுகிறது. நேரம் முன்பே தெரிந்த கூட்டத்துக்கு முன்பே ஆயத்தமாகலாமே.

கிளவுட் என்பது வேறொருவர் பராமரிக்கும் கணினிதான். அவர் எப்படிப் பராமரிக்கிறார் என்று யாராவது சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கக் கிளவுட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரசாங்க மின்னஞ்சல்கள் திரும்ப எடுக்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. அந்த இடைக்காலத்துக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருளும் காலாவதியான 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. பணக்கார நிறுவனங்களுக்கும் விலக்கில்லை. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமேசானின் வேர்ஜீனியா மையத்தில் இரண்டு தானியங்கிச் செயல்கள் மோதிக்கொண்டதில் ஒரு முகவரிப் பதிவு வெறுமையானது. உலகெங்கும் நூற்றுக்கணக்கான சேவைகள் முடங்கின. பிரதி எடுத்தால் போதாது. எடுத்த பிரதியிலிருந்து மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். விழுந்தால் என்ன ஆகும் என்பதை விழுவதற்கு முன் வேண்டுமென்றே விழவைத்துப் பார்க்கிற பழக்கத்தை நெட்ஃபிளிக்ஸ் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்துவிட்டது.

மலைநாட்டுக்கு எது பொருந்தும் என்று கேட்டால், என் பதிலில் விலை உயர்ந்தது எதுவும் இல்லை. வெளியான பெறுபேறு அன்று மாலைக்குள் மாறப்போவதில்லை. ஒவ்வொரு தடவையும் தரவுத்தளத்தைத் தட்டி எழுப்பாமல், முன்கூட்டியே சிறு பக்கங்களாகச் செய்து, கொழும்பிலேயே இருக்கும் இடைச் சேமிப்பு மையங்களில் பாதுகாப்போடு வைக்கலாம். கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்களுக்குக் கொழும்பில் மையம் உண்டு. பக்கத்தின் எடையை 100 கிலோபைட்டுக்குள் அடக்கலாம். 2021இல் தரமாக்கப்பட்ட குவிக் நெறிமுறை இணைப்புக்கான போய்வரல்களைக் குறைக்கிறது, பொதி தொலையும் இடத்திலும் நன்றாகத் தாக்குப்பிடிக்கிறது. அதை இயக்குவது பெரும்பாலும் ஒரு அமைப்பை மாற்றுகிற வேலை. நீண்ட விண்ணப்பங்களை நிரப்பும் நடுவில் சிக்னல் போனால், விட்ட இடத்திலிருந்து தொடர வழி வேண்டும். பெறுபேற்றைக் குறுஞ்செய்தியில் அறியும் வசதியை யாரும் பழையது என்று கைவிட வேண்டாம். குறுஞ்செய்தி தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்தில் காத்திருந்து, சிக்னல் கிடைத்ததும் வந்து சேரும். இந்த மலைகளுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு இன்னும் வரவில்லை.

இவற்றைக் கேட்டு வாங்க நம் கையில் எண்கள் வேண்டும். ‘இங்கே நெட் வேலை செய்யாது’ என்ற முறைப்பாடு எந்த மேசையிலும் நிற்காது. ‘இந்த மாதம் கொட்டகலையில் இந்தத் தளத்தின் 95ஆவது சதமணை இத்தனை செக்கன், கொழும்பில் இத்தனை’ என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும். அளப்பதற்கு அரசாங்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஐரோப்பாவின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்.சி.சி. 2010இலிருந்து ‘அட்லஸ்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. கையடக்கமான ஒரு சிறு கருவியை விண்ணப்பிப்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். ரவுட்டரில் செருகிவிட்டால் அது இரவு பகலாக இணையத்தின் பல மூலைகளுக்குப் போய்வரும் நேரத்தைப் பதிவு செய்யும். உலகில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகள் இப்படி இயங்குகின்றன. பழைய கணினியில் ஓட்டக்கூடிய மென்பொருள் வடிவமும் உண்டு. பதிவுகள் எல்லாரும் பார்க்கக்கூடியவை.

கொட்டகலையிலும் ஹற்றனிலும் தலவாக்கலையிலும் தகவல் தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர்களே, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் ஆசிரியராகப் பயிலும் தம்பி தங்கைகளே, இந்தத் தவணையில் உங்கள் பாடசாலையில் அப்படி ஒன்றைப் பொருத்துங்கள். பிள்ளைகளைக் கொண்டு வாரம் ஒரு வளையி வரையச் சொல்லுங்கள். அடுத்த பெறுபேறு வருவதற்கு முன் மூன்று மாதப் பதிவாவது கையில் இருக்கட்டும்.